அசன்பே ஏன் கெய்ரோவில் பிறந்தான்?

உயர்தர வகுப்பில் ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றைக் கற்பிக்கத் தொடங்கும்போது நாம் முதலில் சொல்வது ஒரே வாக்கியத்தைத்தான்: ஈழத்தின் முதல் தமிழ் நாவல் 1885ஆம் ஆண்டு வெளிவந்த 'அசன்பேயுடைய கதை'; அதனை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் எம். சி. சித்திலெவ்வை. மாணவர் அதைக் குறித்துக்கொள்வர். அடுத்ததாக, 'இந்நாவல் ஈழத்து மண்ணைக் களமாகக் கொண்டதன்று' என்போம். அதையும் குறித்துக்கொள்வர். அத்தோடு 'ஊசோன் பாலந்தை கதை'க்குப் போய்விடுவோம்.

நானும் பல வருடங்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வருடம் முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இலங்கையைப் பற்றி ஒண்டுமில்லையெண்டா அது எப்பிடி எங்கட முதல் நாவலாகும்?" என்று கேட்டான். ஆசிரியர் இலங்கையர், அச்சானதும் இலங்கையில் என்று வழக்கமான விடையைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த மற்றொருவன் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. "முஸ்லிம்கள் எப்பவும் அறபு நாட்டத்தான் பாத்துக்கொண்டிருக்கிற எண்டு சொல்றாங்களே, அதுக்கு இதுவும் ஒரு அத்தாட்சியாக்கும்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வேடிக்கையாகச் சொன்னதை வேடிக்கையில்லாமலே சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு நூலை அதன் காலத்திலிருந்து பெயர்த்தெடுத்து நம் காலத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆகவே பாடத்தை அங்கே நிறுத்தி, 1885ஐச் சுற்றியுள்ள சில வருடங்களை மாணவரோடு சேர்ந்து ஆராய்வதென்று முடிவு செய்தேன். அந்தத் தேடலில் கண்டவற்றையும் நான் விட்ட ஒரு பிழையையும் இங்கு எழுதுகிறேன்.

கதை

நாவலைக் கையில் எடுக்காத வாசகருக்காகக் கதையின் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லிவிடலாம். கெய்ரோ நகரில் உயர்குடியினரான யூசுபு பாஷாவின் மகனாக அசன் பிறக்கிறான். குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டுப் பம்பாயில் பிறர் கையில் வளர்கிறான். அங்கிருந்து கல்கத்தாவுக்குச் செல்கிறான். ஆங்கிலேயப் பெருமகனொருவரின் ஆதரவு கிடைக்கிறது. ஆங்கிலக் கல்வியும் கிடைக்கிறது. காதலும் சூழ்ச்சியும் பிரிவும் கூடலும் வந்துபோகின்றன. முடிவில் பிறந்த நாட்டுக்குத் திரும்பி, அரசருக்கெதிரான சதியொன்றை வெளிப்படுத்தி, 'பே' என்னும் பட்டத்தைப் பெறுகிறான்.

அற்புத நவிற்சிப் பண்பு கொண்ட கதைதான். அதனை மறைக்கவேண்டியதில்லை. 1879இல் வெளிவந்து தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும் இத்தகைய திருப்பங்கள் நிறையவே உண்டு. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதித்துறையில் முன்சீப்பாக இருந்தவர். சித்திலெவ்வையோ கண்டியில் புறொக்டராகத் தொழில் பார்த்தவர். தமிழ் நாவலின் முதல் இரண்டு பெயர்களும் நீதிமன்ற வாசலிலிருந்து வந்தவை என்பதை வகுப்பில் சொன்னபோது, "அதுதானா இவ்வளவு சதியும் வழக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அது முற்றிலும் பிழையான ஊகமென்று நான் நினைக்கவில்லை.

ஈழத்து மண்ணைக் களமாகக் கொள்ளாதது இந்நாவல் மட்டுமன்று என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடவேண்டும். 1891இல் வெளிவந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பியக் கதையொன்றைத் தழுவியது. 1895இல் வெளிவந்த, திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' தஞ்சை நாயக்கர் காலத்துக் கதை. ஈழத்து நாவல் ஈழத்தைக் களமாகக் கொள்ள இருபதாம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. எனவே பின்வரிசை மாணவனின் வேடிக்கைக்கு முதல் விடை இலகுவானது: வெளியே பார்த்தது முஸ்லிம் எழுத்தாளர் மட்டுமல்லர், அக்காலத்து நாவலே வெளியேதான் பார்த்தது. ஆனால் அது பாதி விடைதான். ஏன் கெய்ரோ என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஒரு பத்திரிகையும் ஒரு கப்பலும்

கரும்பலகையில் சில திகதிகளை மட்டும் எழுதினேன்.

1882 யூலை 11: பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா நகர்மீது குண்டு வீசுகிறது. செப்டெம்பர் 13: தெல்-எல்-கபீர் சமரில் அஹ்மத் ஒறாபி பாஷாவின் எகிப்தியப் படை தோற்கிறது. டிசம்பர் 3: ஒறாபிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது உடனேயே நாடுகடத்தலாக மாற்றப்படுகிறது. டிசம்பர் 21: சித்திலெவ்வையின் 'முஸ்லிம் நேசன்' வாரப் பத்திரிகை பிறக்கிறது. டிசம்பர் 27: ஒறாபியையும் அவருடைய தோழர் அறுவரையும் ஏற்றிய 'மரியோதிஸ்' என்னும் கப்பல் சுயெஸிலிருந்து புறப்படுகிறது. 1883 ஜனவரி 10: கப்பல் கொழும்பை அடைகிறது.

எழுதி முடித்ததும் மாணவர்களே கண்டுகொண்டார்கள். பத்திரிகைக்கு வயது மூன்று வாரம்கூட நிரம்பவில்லை; எகிப்தின் சரித்திரம் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது.

இறங்கியவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ஒறாபி எகிப்தின் யுத்த மந்திரியாக இருந்தவர். அவரோடு வந்த மஹ்மூத் சாமி அல்-பாறூதி 1882இல் பிரதம மந்திரியாக இருந்தவர். நவீன அறபுக் கவிதையின் மறுமலர்ச்சிக்கு முன்னோடியெனப் போற்றப்படுபவர். 'வாளுக்கும் பேனாவுக்கும் உரியவர்' என்று அறபுலகு அவரை அழைக்கிறது. சரந்தீபில் கழித்த காலத்திலே தாயகத்தை நினைந்து அவர் பாடிய கவிதைகள் அறபு இலக்கியத்தில் நிலைபெற்றவை. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் அச்சேறிய அதே காலத்தில் அறபு மொழியின் பெருங்கவிஞர் ஒருவர் இத்தீவிலே இருந்திருக்கிறார். இந்தத் தகவலை என் ஆசிரியர்கள் எனக்குச் சொல்லவில்லை. ஆசிரியர் கலாசாலையிலும் எவரும் சொல்லவில்லை.

வந்தவர்களுள் மூவர் இங்கேயே மறைந்தனர். ஒறாபி பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்தார். முதலில் கொழும்பிலும், 1892இலிருந்து கண்டியிலும் இருந்து, 1901இல்தான் தாயகம் திரும்பினார். சித்திலெவ்வைக்கு அவர் நண்பரானார். 1884இல் கொழும்பில் 'அல்-மத்றஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா' என்னும் பாடசாலை தோன்றியபோது அந்த முயற்சிக்கு ஒறாபியின் ஊக்கமும் இருந்தது. அது நிலைக்கவில்லை. ஆனால் அதே நோக்கம் 1892இல் வாப்பிச்சி மரைக்காரின் துணையோடு மருதானையில் மீண்டும் தளிர்த்து இன்றைய ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது 1885இல் 'முஸ்லிம் நேசன்' வாசகருக்குக் கெய்ரோ ஒரு கனவூர் அல்ல என்பது தெளிவாகும். அவ்வூர்க்காரரை அவர்கள் ஜும்ஆவில் கண்டார்கள். வீடுகளுக்கு அழைத்து உபசரித்தார்கள். நம் மாணவருக்கு அந்நியமாகத் தோன்றும் யூசுபு பாஷா என்னும் பெயர், அன்றைய வாசகருக்கு அடுத்த தெருவில் வசிக்கும் ஒருவரை நினைவூட்டும் பெயர்.

நான் விட்ட பிழை

இவ்வளவும் கண்டபின் எனக்கு ஒரு மயக்கம் உண்டாயிற்று. ஒரு திறவுகோல் கிடைத்தால் எல்லாப் பூட்டையும் அதனாலேயே திறக்கப் பார்ப்பது நம் சுபாவம். "பிள்ளைகளே, அசன்பே வேறு யாருமல்ல. ஒறாபி பாஷாவையே சித்திலெவ்வை கதாநாயகனாக மாற்றியிருக்கிறார்" என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன். குறிப்பிலும் எழுதச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து, முன்பு வழக்கைப் பற்றிக் கேட்ட அதே மாணவி குறிப்புக் கொப்பியோடு வந்தாள். "சேர், ஒறாபி பாஷா அரசருக்கு எதிராக நின்றவர் என்றுதானே சொன்னீங்க. அசன்பே அரசரைக் காப்பாத்துறானே. ஒறாபி பாஷா கிராமத்தார் மகன் என்றும் சொன்னீங்க. அசன் பாஷா குடும்பத்துப் பிள்ளைதானே?"

அவள் சொன்னது முற்றிலும் சரி. ஒறாபி 1841இல் நைல் கழிமுகத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். படையில் உயர் பதவிகளைத் துருக்கிய, சேர்க்காசிய வமிசத்தினரே கைப்பற்றி வைத்திருந்த காலத்தில், மண்ணின் மைந்தருக்காகக் குரல் எழுப்பியவர். 1881 செப்டெம்பர் 9ஆம் திகதி அப்தீன் மாளிகை முன்றலில் படையோடு நின்று கெதீவ் தௌபீக்கிடம் கோரிக்கை வைத்தவர். பின்னர் ஆங்கிலேயரோடு போர் புரிந்தவர். அசனோ உயர்குடியில் பிறந்தவன், ஆங்கிலேயரின் அன்பைப் பெற்றவன், அரசரின் நம்பிக்கைக்குரியவன். இருவரும் ஒருவரல்லர். சொல்லப்போனால் எதிரெதிர்த் திசையில் நிற்பவர்கள்.

மறுநாள் வகுப்பில் என் கூற்றைத் திரும்பப் பெற்று, குறிப்பிலும் வெட்டச் சொன்னேன். பின்னணியை அறிந்தவுடனேயே பிரதியை அறிந்துவிட்டதாக எண்ணுவது எவ்வளவு இலகுவான பிழை என்பதை என் மாணவியிடம் கற்றுக்கொண்டேன். பின்னணி கேள்வியைத்தான் தரும். விடையைப் பிரதியிலேதான் தேடவேண்டும்.

ஆனால் அவளுடைய கேள்வியால் விஷயம் முடியவில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்கிற்று. ஒறாபியின் நண்பர் ஒருவர், ஒறாபி நாடுகடத்தப்பட்டு வந்து இரண்டு வருடம் கழிந்த நிலையில், அரசரைக் காப்பாற்றுபவனையும் ஆங்கிலேயரிடம் கற்பவனையும் கதாநாயகனாக்கி ஏன் ஒரு கதை எழுதவேண்டும்?

பள்ளிக்கூடம் என்னும் அச்சம்

இதற்கு விடை எகிப்தில் இல்லை, இலங்கையில் இருக்கிறது. அக்காலப் பள்ளிக்கூடங்களை நோக்கவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தது. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் உருவாகி, உதவி நன்கொடை முறை பரவியதும் மிஷன் பாடசாலைகள் மேலும் பெருகின. உத்தியோகம், சட்டம், வைத்தியம் எல்லாவற்றுக்கும் வாசல் ஆங்கிலமே. அந்த வாசலில் வேதாகமமும் இருந்தது. இதனை எதிர்கொள்ள ஒவ்வொரு சமூகமும் தன் வழியைத் தேடிற்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையை நிறுவினார். 1880இல் ஒல்கொட் வந்தபின் பௌத்த பாடசாலை இயக்கம் எழுந்தது; ஆனந்தாக் கல்லூரி 1886இல் தோன்றிற்று.

முஸ்லிம்களிற் பெரும்பாலோர் தேடிய வழி விலகி நிற்பதே. பிள்ளை ஓதப் பள்ளிக்குப் போகும். குர்ஆனும் அறபுத் தமிழும் படிக்கும். பிறகு வாப்பாவின் கடைக்குப் போகும். இங்கிலீசுப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை ஈமானை இழந்து வரும் என்ற அச்சம் வீட்டுக்கு வீடு இருந்தது. அது வெறும் மூடநம்பிக்கையன்று. பாதிரிமார் நடத்திய பாடசாலைகளின் நோக்கத்தை அறிந்தவர்களின் அச்சம். ஆனால் அந்த அச்சத்தின் விலையையும் சித்திலெவ்வை கண்டார். நீதிமன்றத்தில் நின்றவர் அவர். மொழி தெரியாதவன் அங்கு படும் பாட்டை நாள்தோறும் பார்த்திருப்பார்.

இந்த அச்சத்தை மனதில் வைத்துக்கொண்டு கதையைத் திரும்பப் படியுங்கள் என்று மாணவரிடம் சொன்னேன். ஒரு முஸ்லிம் பிள்ளை தாய் தந்தையரிடமிருந்து பிரிக்கப்படுகிறது. அந்நிய ஊரில், அந்நியர் கையில் வளர்கிறது. ஆங்கிலேயரோடு பழகுகிறது, ஆங்கிலம் கற்கிறது. 1885இன் ஒரு வாப்பா நெஞ்சில் என்னென்ன பயமெல்லாம் இருந்தனவோ அவையெல்லாம் அசனுக்கு நடக்கின்றன. அப்படியிருந்தும் அவன் முஸ்லிமாகவே இருக்கிறான். கற்றதால் குறைந்துவிடவில்லை, தன் நாட்டுக்குப் பயன்படுகிறவனாகத் திரும்பி, பட்டமும் பெறுகிறான்.

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. முதலாவது கேள்வி கேட்ட மாணவனே சொன்னான்: "அப்ப இது எங்கட ஊர் வாப்பாமாருக்கு எழுதின கதைதான், சேர்."

இந்நாவல் சொல்ல வந்ததை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியவில்லை. களம் கெய்ரோ, ஆனால் கதை பேசுவது கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் இருந்த வீடுகளோடு. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையில் கட்டுரையாகச் சொல்லிவந்ததை, கட்டுரை வாசிக்காதவருக்கும் எட்டும்படி அவர் கதையாகச் சொன்னார். ஒறாபியோடு கொண்ட நட்பும் இதற்கு முரணாகாது. போரில் தோற்ற ஒறாபியே இங்கு வந்தபின் ஆங்கிலம் கற்றார். இங்குள்ள முஸ்லிம்கள் பிள்ளைகளைப் படிப்பிக்கவேண்டுமென்று தூண்டினார். எதிர்த்து நின்றவரும் இணங்கி வாழ்ந்தவரும் கல்வி என்னும் இடத்தில் சந்தித்துக்கொண்டனர்.

ஆயினும் இதில் ஓர் இழப்பு உண்டென்பதை மாணவருக்கு மறைக்கவில்லை. ஆங்கிலேயர் அலெக்சாந்திரியாமீது குண்டு வீசிய மூன்றாம் வருடத்தில், ஆங்கிலேயப் பெருந்தன்மையைப் போற்றும் ஒரு கதை வெளிவருகிறது. அது ஆசிரியரின் உறுதியான கொள்கையா, குடியேற்ற ஆட்சியில் ஒரு சட்டத்தரணி கைக்கொள்ளவேண்டியிருந்த எச்சரிக்கையா என்று இரு பக்கமும் வாதிக்க இடமுண்டு. அதைத் தீர்ப்பதல்ல, வாதிப்பதே வகுப்பின் வேலை.

பம்பாயும் கல்கத்தாவும்

கதையின் மற்ற இரு நகரங்களுக்கும் இவ்வாறே காரணம் உண்டு. சுயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின் எகிப்தும் பம்பாயும் கொழும்பும் ஒரே நீராவிக் கப்பல் பாதையின் துறைகளாயின. கொழும்பில் 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர் 1885 அளவிலேயே நிறைவெய்தியது. காலித் துறைமுகத்தின் முதன்மையும் கொழும்புக்கு மாறிற்று. பம்பாய் ஹஜ் யாத்திரிகர் கப்பலேறும் பெருந்துறை. கல்கத்தா 1911வரை பிரித்தானிய இந்தியாவின் தலைநகரம். ஆங்கிலக் கல்விக்கும் அதிகாரத்துக்கும் மையம். நவாப் அப்துல் லத்தீப் 1863இல் முஸ்லிம் இலக்கியச் சங்கத்தைத் தொடங்கியதும் அங்கேதான். வட இந்தியாவின் அலிகாரில் சேர் செய்யித் அஹ்மத் கான் 1875இல் கல்லூரி தொடங்கியிருந்தார். ஆக, அசன் போகும் வழி வெறும் கற்பனை வழியன்று. அக்காலத்து முஸ்லிமின் ஹஜ்ஜும் வியாபாரமும் பத்திரிகைச் செய்தியும் புதிய கல்வியும் சென்றுவந்த வழி.

பட்டமும் தொப்பியும்

'பே' என்றால் என்ன என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பர். பெயரின் பகுதியென்றே பலர் எண்ணுகின்றனர். அது உதுமானிய ஆட்சிமுறையில் பெயருக்குப் பின்னால் இடப்பட்ட கௌரவப் பட்டம். பாஷா அதற்கு மேற்பட்டது. ஒறாபியும் முதலில் 'ஒறாபி பே' என்றே அழைக்கப்பட்டு, 1882இல் பாஷாவானவர். நாடுகடத்தும் முன்னர் அப்பட்டத்தை அரசு பறித்துவிட்டது. கொழும்பில் இறங்கியபோது சட்டப்படி அவர் பாஷா அல்லர். ஆனால் இந்நாட்டு முஸ்லிம்கள் அவரைப் பாஷா என்றே அழைத்தனர். இன்றும் அப்படியே அழைக்கிறோம். அரசு பறித்ததைச் சனங்கள் திருப்பிக் கொடுத்தார்கள். பட்டத்தோடு முடியும் ஒரு கதையை அக்கால வாசகர் எவ்வளவு ஆவலோடு படித்திருப்பார்கள் என்பதை இது உணர்த்தும்.

துருக்கித் தொப்பியின் கதையும் இதனோடு சேர்ந்தது. பாஷாமார் அணிந்துவந்த அந்தச் சிவப்புத் தொப்பி இங்கு படித்த முஸ்லிம்களின் அடையாளமாயிற்று. 1905இல் எம். சி. அப்துல் காதர் என்னும் சட்டத்தரணி அதை அணிந்து உயர்நீதிமன்றத்தில் தோன்றியபோது தடுக்கப்பட்டதும், அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானையில் பெருங்கூட்டம் கூடியதும் நம் சமூக வரலாற்றில் அறியப்பட்டவை. மாணவர்களை வீட்டில் பழைய படங்களைத் தேடச் சொன்னேன். ஒருவன் தன் மூத்தவாப்பாவின் கலியாணப் படத்தைக் கொண்டுவந்தான். மாப்பிள்ளை தலையில் அதே தொப்பி. கெய்ரோ அந்தப் படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது, அவர்கள் கண்டதில்லை.

நான் சேர்த்து வைத்திருந்த இரண்டு முத்திரைகளையும் அன்று காட்டினேன். ஒன்று 1977இல் சித்திலெவ்வைக்காக வெளியிடப்பட்டது. மற்றது ஒறாபி வருகையின் நூற்றாண்டை நினைந்து 1983இல் வெளியிடப்பட்டது. இரண்டும் இலங்கை முத்திரைகள். பின்வரிசை மாணவன் அவற்றை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

முடிவாக

எகிப்தில் எழுந்த முதல் நவீன நாவலெனப் பலரும் குறிப்பிடும் ஹைக்கலின் 'ஸைனப்' 1913இலேயே வெளிவந்தது. அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் முன்னரே, கண்டிப் புறொக்டர் ஒருவர் கெய்ரோவில் தொடங்கும் ஒரு நாவலைத் தமிழில் எழுதியிருக்கிறார். இதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பெருமையோடு நின்றுவிட்டால் நூல் அலுமாரியிலேயே இருக்கும்.

நாவல் கற்பிக்கும் சக ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது இவ்வளவே. கதை எங்கு நடக்கிறது என்பதோடு நில்லாமல், அது யாருக்காக எழுதப்பட்டது, அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று மாணவரைக் கேட்கவைப்போம். திகதிகளைக் கொடுப்போம்; முடிவுகளை அவசரப்பட்டுக் கொடுக்காதிருப்போம். ஆசிரியர் சொன்னதைப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தும் உரிமையையும் மாணவருக்குக் கொடுப்போம்.

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் ஈழத்து மண்ணைக் களமாகக் கொண்டதன்று என்று இப்போதும் வகுப்பில் சொல்கிறேன். அது உண்மைதானே. ஆனால் அதன்பின் அடுத்த நாவலுக்குப் போவதில்லை. "அப்படியானால் ஏன் கெய்ரோ?" என்று நானே கேட்டுவிட்டு, கரும்பலகையில் 1882 என்று எழுதுகிறேன்.